துக்கம் வேறு, தண்டனை வேறு: 19ஆம் நூற்றாண்டு மராட்டியத்தில் இழப்பை ஆற்றிக்கொண்டவர்கள்

(நீண்ட பதிவு)

1873ஆம் ஆண்டு, புனேயில் சார்பு நீதிபதியாக இருந்த மகாதேவ் கோவிந்த ரானடே தம் மனைவி சக்குபாயை இழந்தார். அப்போது அவருக்கு வயது 31. கைம்பெண் மறுமணத்துக்காக வெளிப்படையாக வாதாடிவந்தவர் அவர். மகன் ஒரு கைம்பெண்ணை மணந்துவிடக்கூடும் என்று அஞ்சிய தந்தை, அதே ஆண்டு முடிவதற்குள் 11 வயதுச் சிறுமி ஒருத்தியை அவருக்கு மணமுடித்துவைத்தார். ரானடே மறுத்துப் பார்த்தார். இறுதியில் தந்தையின் பிடிவாதத்துக்குப் பணிந்தார். சீர்திருத்தம் பேசியவரே சிறுமியை மணந்தார் என்ற பழி அவரை நெடுங்காலம் தொடர்ந்தது.

அந்தச் சிறுமிதான் ரமாபாய் ரானடே. 27 ஆண்டுகளுக்குப் பின், 1901 ஜனவரி 16 அன்று, பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய ரானடே மறைந்தார். ரமாபாய் கைம்பெண்ணானார்.

ஒரே குடும்பத்தில் நிகழ்ந்த இவ்விரு இறப்புகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. மனைவியை இழந்த ஆணுக்கு அக்குடும்பம் சில வாரத் துக்கத்தையே அனுமதித்தது. அதற்குள் அவருடைய வீட்டில் வேறொருத்தி விளக்கேற்றியாக வேண்டும். கணவனை இழந்த பெண்ணுக்கோ மரபு வாழ்நாள் முழுவதையும் துக்கமாக விதித்திருந்தது. ஒன்று துக்கத்தைத் தொடங்கவே விடவில்லை. மற்றொன்று முடியவே விடவில்லை. துக்கப்படுபவருக்கு எவ்வளவு காலம் தேவை, எவ்வடிவில் தேவை என்று இரண்டு நேர்விலும் எவரும் கேட்கவில்லை.

அன்புக்குரியவரின் இறப்பை நலமான முறையில் எதிர்கொள்வது தனிமனித மனத்திட்பத்தைப் பொறுத்த செய்தி என்றே இன்று பெரும்பாலும் பேசப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மராட்டிய நிலத்தில் வாழ்ந்த பெண்கள் சிலரின் வாழ்க்கை வரலாறுகளையும் தன்வரலாறுகளையும் வாசிப்பவருக்கு அந்த விளக்கம் போதுமானதாகத் தோன்றாது. துக்கம் ஆற வேண்டுமானால், முதலில் அதைத் தண்டனையிலிருந்து பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பிரித்தெடுத்தலே அவர்களுடைய முதன்மையான உழைப்பு என்பது என் வாசிப்பு. அதை இங்கே சற்று விரித்துரைக்க முயல்கிறேன்.

*

முதலில், தண்டனை என்று எதைக் குறிப்பிடுகிறேன் என்பதைத் தெளிவாக்க வேண்டும். மராட்டியப் பிராமணக் குடும்பங்களில் கணவன் இறந்த பெண்ணின் தலை மழிக்கப்பட்டது. வளையல் உடைக்கப்பட்டது, குங்குமம் அழிக்கப்பட்டது, மங்கலநாண் அறுக்கப்பட்டது. மங்கல நிகழ்வுகளிலிருந்து அவள் விலக்கப்பட்டாள். வீட்டின் இருண்ட மூலையில் அமர்ந்திருப்பதே அவளுக்குரிய இடமாயிற்று. அவள் கணவனை நேசித்தாளா, வெறுத்தாளா, அவனைப் பார்த்தேனும் இருக்கிறாளா என்பது பொருட்டாகவில்லை. குழந்தை மணம் நிலவிய சமூகத்தில், இழப்பு என்னவென்றே அறியாத எட்டு வயதுக் குழந்தையும் துக்கத்தின் சின்னங்களைச் சுமந்தாள். துக்கத்தின் வடிவம் முழுமையாக இருந்தது; அதற்குள் துக்கப்படுபவருக்கு இடமில்லை.

இது எல்லாச் சாதிகளுக்கும் பொதுவான நிலை அன்று. பிராமணரல்லாத பல சாதிகளில் கைம்பெண் மறுமணம் ‘பாட்’ என்ற பெயரில் வழக்கில் இருந்தது. 1856ஆம் ஆண்டின் இந்துக் கைம்பெண் மறுமணச் சட்டம் முதன்மையாக மேல்சாதிக் குடும்பங்களின் சிக்கலுக்கே விடையாக அமைந்தது. ஆகவே ‘இந்தியக் கைம்பெண்’ என்று ஒற்றை உருவத்தை வரைந்துகொண்டு இவ்வரலாற்றை எழுத இயலாது. எனினும், சாதிப்படிநிலையில் மேலே செல்ல விரும்பிய குடும்பங்கள் இந்த வழக்கங்களையும் மேற்கொள்ளத் தலைப்பட்டன என்பதை மறக்கக் கூடாது.

தண்டனையை நிறைவேற்றும் கை யாருடையது என்ற கேள்வியையும் அக்காலம் எழுப்பியது. 1890இல் பம்பாயில் நாவிதர்கள் கூடி, கைம்பெண்களின் தலையை இனி மழிப்பதில்லை என்று உறுதிபூண்டனர். தொழிலாளர் இயக்கத்தின் முன்னோடியும் சத்தியசோதக் சமாஜத்தைச் சேர்ந்தவருமான நாராயண் மேகாஜி லோகண்டே இதற்குத் துணைநின்றார். தாம் ஏந்திய கத்தி இன்னொருவரின் துயரைப் பெருக்குகிறது என்று உணர்ந்த உழைப்பாளர்கள் அதைக் கீழே வைத்தார்கள். துக்க வீட்டுக்குச் செய்யக்கூடிய உதவிகளில், செய்யாமல் விடுவதும் ஒன்று என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்றை நான் காணவில்லை.

*

அதே 1890ஆம் ஆண்டு, நவம்பர் 28 அன்று, புனேயில் ஜோதிராவ் புலே மறைந்தார். அவருடைய வளர்ப்பு மகன் யஷ்வந்த், புலே தம்பதியர் காப்பாற்றிய பிராமணக் கைம்பெண் ஒருவருக்குப் பிறந்தவர். கருவுற்ற கைம்பெண்கள் அஞ்சாமல் வந்து குழந்தை பெற்றுச் செல்வதற்காக 1863இல் புலே தம்பதியர் தொடங்கிய இல்லத்தின் தொடர்ச்சி அது. ஜோதிராவின் இறுதிச் சடங்கில், வளர்ப்பு மகனுக்கு உரிமை இல்லை என்று உறவினர்கள் பூசலிட்டனர். அப்போது சாவித்திரிபாய் புலே தாமே முன்வந்து, இறுதி ஊர்வலத்தின் முன்னால் மண்கலத்தை ஏந்திச் சென்றார். சிதைக்குத் தீயும் மூட்டினார்.

இந்நிகழ்வைப் பெண்ணுரிமையின் வெற்றியாகக் கொண்டாடுவது வழக்கம். அது சரியே. ஆனால் துக்கத்தின் வரலாற்றில் வைத்துப் பார்த்தால் இன்னொரு பொருளும் தெரிகிறது. ஐம்பதாண்டுக் காலம் உடன் வாழ்ந்தவரை வழியனுப்பும் வேளையில், வீட்டின் மூலைக்குள் தள்ளப்படாமல், கடைசித் தொலைவுவரை உடன் நடப்பதற்கான வாய்ப்பை அவர் பெற்றார். விடைகொடுத்தல் என்பது கையும் காலும் பங்குகொள்ளும் ஒரு செயல். அதிலிருந்து விலக்கப்பட்டவர்களுக்கு, போனவர் போய்விட்டார் என்பதே நெடுநாள் மனத்தில் பதிவதில்லை. கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில், மூடிய உறைக்குள் சென்ற தம் உறவுகளைப் பார்க்கவே முடியாமற்போன குடும்பங்கள் இதை நன்கறியும்.

அதன்பின் சாவித்திரிபாய் ஆறாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். கணவருடன் சேர்ந்து கட்டிய சத்தியசோதக் சமாஜத்தின் பணியைத் தொடர்ந்தார்; 1893இல் சாஸ்வடில் கூடிய அதன் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1897இல் புனேயைப் பிளேக் தாக்கியபோது, மருத்துவரான யஷ்வந்துடன் சேர்ந்து நோயாளிகளுக்குத் தொண்டாற்றி, அந்நோய்க்கே மார்ச் 10 அன்று உயிர்நீத்தார்.

*

சற்றே பின்னோக்கி, 1882ஆம் ஆண்டுக்குச் செல்வோம். அவ்வாண்டு புனேக்கு 24 வயதுக் கைம்பெண் ஒருவர் கைக்குழந்தையுடன் வந்துசேர்ந்தார். சமஸ்கிருதப் புலமையால் கல்கத்தா அறிஞர்களிடம் ‘பண்டிதை’ என்ற பட்டம் பெற்றிருந்த பண்டித ரமாபாய் அவர். அதற்கு முந்தைய எட்டாண்டுகளில் அவர் அடைந்த இழப்புகளை எண்ணிப் பார்த்தால் மலைப்பு ஏற்படும். 1870களின் பஞ்சத்தில், சென்னை மாகாணத்தில் தலயாத்திரையாக அலைந்துகொண்டிருந்தபோது, தந்தையையும் தாயையும் தமக்கையையும் சில மாத இடைவெளிகளில் இழந்தார். எஞ்சியிருந்த அண்ணன் சீனிவாசனுடன் நாடு முழுவதும் நடந்து கல்கத்தாவை அடைந்தார். 1880இல் அண்ணனும் இறந்தார். அவ்வாண்டே சாதி கடந்து, பிபின் பிஹாரி மேதாவி என்ற வழக்கறிஞரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். 1882 பிப்ரவரியில் அவரையும் காலரா கொண்டுசென்றது. மகள் மனோரமாவுக்கு அப்போது ஒரு வயதுகூட நிறையவில்லை.

அவரை மூலையில் உட்காரவைக்க மாமியார் வீடு என்று ஒன்று இருக்கவில்லை. அந்த ஆதரவின்மையே அவருக்கு ஒருவகை விடுதலையாகவும் அமைந்தது. சில மாதங்களில் புனே வந்து, ரானடே முதலான சீர்திருத்தர்களின் துணையுடன் ‘ஆரிய மகிளா சமாஜ்’ என்ற பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். அதே ஆண்டு ஹன்டர் கல்விக் குழுவின் முன் சாட்சியமளித்து, பெண்களுக்குப் பெண் மருத்துவர்களும் பெண் ஆசிரியர்களும் தேவை என்று வலியுறுத்தினார். 1889இல் பம்பாயில் கைம்பெண்களுக்கான ‘சாரதா சதன்’ பள்ளியை நிறுவினார். அடுத்த ஆண்டு அது புனேக்கு மாறியது.

அவருடைய கூட்டங்களுக்குத் தவறாமல் சென்றவர்களுள் இளம் ரமாபாய் ரானடேயும் ஒருவர். அதற்காக வீட்டுப் பெண்களின் ஏச்சுக்கு ஆளானார். கைம்பெண் ஒருத்தி மழிக்காத தலையுடன் அவையில் நின்று பேசுவதை, தாம் கைம்பெண்ணாவதற்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே அவர் கண்டிருந்தார். இழப்புக்குப் பின்னும் ஒரு வாழ்க்கை இருக்கக்கூடும் என்பதை நாம் வேறொருவர் வாழ்ந்து பார்த்திருந்தால்தான் நம்புகிறோம். அத்தகைய முன்காட்சி பெரும்பாலான பெண்களுக்குக் கிடைக்கவில்லை.

இவர்களுக்கு நெருக்கமான மற்றொரு வாழ்க்கையையும் இங்கே நினைவுகூர வேண்டும். ஆனந்திபாய் ஜோஷி தம் இளம் அகவையில் பெற்ற குழந்தையைப் பத்து நாட்களில் இழந்தார். போதிய மருத்துவ உதவி கிடைக்காத அந்த இழப்பே அவரை மருத்துவம் படிக்கத் தூண்டியது. 1886 மார்ச்சில் பிலடெல்பியாவில் அவர் பட்டம் பெற்றபோது பண்டித ரமாபாய் அவ்விழாவுக்கு நேரில் சென்றிருந்தார். ஓராண்டுக்குள், 22 வயது நிறைவதற்கு முன், ஆனந்திபாய் காசநோயால் இறந்தார். அமெரிக்காவில் அவருக்குத் தாய்போல் இருந்த தியோடீசியா கார்பென்டருக்கு அவருடைய அஸ்தி அனுப்பிவைக்கப்பட்டது. அவர் அதை நியூயார்க் மாநிலத்தின் பொகீப்சியில் தம் குடும்பக் கல்லறையில் வைத்தார். குருதி உறவோ மதமோ மொழியோ ஒன்றாக இல்லாத இருவருக்கிடையிலும் துக்கத்துக்கு உரிமை உண்டு என்பதை அக்கல்லறை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

*

இப்போது 1901க்கு வருவோம்.

ரானடே மறைந்தபோது ரமாபாய்க்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. பம்பாயை விட்டுப் புனே திரும்பி, ஏறத்தாழ ஓராண்டு பொதுவாழ்விலிருந்து முற்றாக விலகியிருந்தார். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு, இது மரபு விதித்த அதே மூலை என்று தோன்றும். ஒரு முதன்மையான வேறுபாடு உண்டு: இம்மூலைக்கு வாயில் இருந்தது. துக்கத்துக்குத் தனிமையும் நேரமும் தேவைப்பட்டன; அவற்றை அவர் எடுத்துக்கொண்டார்; பின்னர் வெளியே வந்தார். சீர்திருத்தவாதியின் மனைவி என்பதற்காக மறுநாளே மேடையேறி உறுதியைக் காட்ட வேண்டும் என்று அவர் கருதவில்லை.

வெளியே வந்தவர் செய்தவற்றை இரண்டாகப் பகுக்கலாம். முதலாவது, நினைவைப் பேணும் பணி. ரானடேயின் சமயச் சொற்பொழிவுகளைத் தொகுத்து வெளியிட்டார். 1910இல், ‘ஆம்ச்யா ஆயுஷ்யாதீல் காஹீ ஆடவணீ’ (எங்கள் வாழ்வின் சில நினைவுகள்) என்ற நூலை எழுதினார். கோபால கிருஷ்ண கோகலே அதற்கு முன்னுரை எழுதினார். மராட்டியப் பெண்களின் தன்வரலாற்று இலக்கியத்தில் அந்நூலுக்குத் தனியிடம் உண்டு.

அந்நூலை ஒரு துக்கப் பனுவலாகவும் வாசிக்கலாம். கணவர் தமக்கு எழுத்தறிவித்த இரவுகள், அதற்காகப் புகுந்த வீட்டுப் பெண்கள் இழைத்த கொடுமைகள், பயணங்கள், நோய்கள் ஆகிய அன்றாடச் செய்திகளால் அது நிறைந்திருக்கிறது. ‘ஹிம்செல்ஃப்’ என்ற தலைப்பில் 1938இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. கணவர் பெயரைச் சொல்லாமல் மரியாதைச் சுட்டால் குறிக்கும் மனைவியின் வழக்கையே அத்தலைப்பு ஏந்தியிருக்கிறது. ஆயினும் நூல் வெறும் புகழ்மாலை அன்று. கிறித்தவ மிஷன் இல்லமொன்றில் தேநீர் அருந்தியதற்காக எழுந்த வழக்கில் ரானடே பிராயச்சித்தம் செய்துகொள்ள இசைந்தது தமக்கு உவப்பாய் இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை. இறந்தவரைத் தெய்வமாக்கிவிட்டால் அவருடன் உரையாட இயலாது. முரண்பாடுகளோடு நினைவுகூரப்படுபவரே நம்முடன் மனிதராகத் தொடர்கிறார்.

இரண்டாவது, புதிய பணி. ரமாபாய் ஏரவாடா சிறையில் இருந்த பெண் கைதிகளைச் சந்திக்கலானார். மருத்துவமனைகளுக்குச் சென்று நோயாளிகளுடன் அமர்ந்தார். 1904இல் பம்பாயில் கூடிய பாரத மகிளா பரிஷத்துக்குத் தலைமை தாங்கினார். பெஹ்ராம்ஜி மலபாரி, தயாராம் கிதுமல் ஆகியோரின் முயற்சியில் 1908இல் பம்பாயில் சேவாசதன் உருவானது. அடுத்த ஆண்டு, கோ. கி. தேவதருடன் இணைந்து புனே சேவாசதனை ரமாபாய் நிறுவினார். கைம்பெண்களும் கைவிடப்பட்ட பெண்களும் அங்கே எழுத்தறிவு பெற்று, ஆசிரியராகவும் செவிலியராகவும் பயிற்சி பெற்றனர். செவிலியர் பணி இழிவானது என்று கருதப்பட்ட காலம் அது. 1924இல் தாம் மறையும்வரை அந்நிறுவனத்தைக் கட்டி வளர்த்ததோடு, பெண்களின் வாக்குரிமைக்கும் பெண் குழந்தைகளின் கட்டாயக் கல்விக்கும் அவர் குரல்கொடுத்தார்.

காலவரிசையைக் கவனியுங்கள். சேவாசதன் 1909, நினைவு நூல் 1910. முன்னோக்கிய பணியும் பின்னோக்கிய நினைவும் ஒரே காலத்தில், ஒரே மேசையில் நடந்தன. துக்கத்தை ‘முடித்துவிட்டு’ அவர் வேலைக்குத் திரும்பவில்லை. ஒன்பதாண்டுகளுக்குப் பின்னும் கணவரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். எழுதிய கையோடு வகுப்பறைக்குச் சென்றார்.

*

தொடக்கத்தில் சொன்ன 1873ஆம் ஆண்டுத் திருமணத்துக்கு, இருபதாண்டுகளுக்குப் பின் ஒரு மறுமொழி கிடைத்தது. பெர்குசன் கல்லூரியில் கணிதம் கற்பித்த தோண்டோ கேசவ் கார்வே 1891இல் மனைவி ராதாபாயை இழந்தார். 1893இல் சாரதா சதனில் படித்துக்கொண்டிருந்த கோதுபாய் என்ற கைம்பெண்ணை மணந்தார். எட்டு வயதில் மணமாகிச் சில மாதங்களிலேயே கைம்பெண்ணாகி, தலை மழிக்கப்பட்டவர் கோதுபாய். கார்வேயின் சொந்த ஊரான முருட் அவர்களைச் சாதிவிலக்குச் செய்தது. 1896இல் கார்வே புனேயில் கைம்பெண்களுக்கான இல்லத்தைத் தொடங்கினார். 1900இல் அது அருகிலுள்ள ஹிங்கணேக்கு மாறியது. கோதுபாயின் தங்கை பார்வதிபாய் ஆடவலேயும் இளம் வயதில் கைம்பெண்ணாகி அவ்வில்லத்தில் சேர்ந்தார். கல்வி கற்று, நிதி திரட்டுவதற்காக ஊர் ஊராகச் சென்றார், அமெரிக்காவுக்கும் சென்றார். பல ஆண்டுகள் பொதுப்பணி ஆற்றிய பின்னரே தலையை மழித்துக்கொள்வதை நிறுத்தும் துணிவு அவருக்கு வந்தது. சிந்தனையில் விடுதலை அடைந்தவருக்கும் உடலில் எழுதப்பட்ட துக்கச் சின்னத்தைக் களைவது எவ்வளவு கடினமாக இருந்தது என்பதை அவருடைய வாழ்க்கை காட்டுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ‘துயரை மறக்கத் தொண்டு செய்’ என்ற எளிய அறிவுரையை இவ்வரலாற்றிலிருந்து பெற்றுவிடக் கூடாது. கார்வேயின் இல்லம் கல்வியையே இலக்காகக் கொண்டது, மறுமணத்தை முன்னிறுத்தவில்லை. நெடுங்காலம் அது பெரும்பாலும் பிராமணக் கைம்பெண்களுக்கே பயன்பட்டது. தொண்டுசெய்யும் கைம்பெண் என்ற புதிய இலட்சிய உருவம் மெல்ல மெல்ல ஒரு புதிய கடமையாகவும் மாறியது: முன்பு மூலையில் இருக்க வேண்டியவள் இனி ஓயாது உழைக்க வேண்டும், இரண்டிலும் அவளுக்கென்று ஓர் ஆசை கூடாது. மேலும் ரமாபாய் ரானடேக்கு வீடும் பொருளும் கல்வியும் நண்பர்களும் இருந்தன. அவை இல்லாத பெண்ணிடம் அவரை முன்மாதிரியாகக் காட்டுவது ஆறுதல் ஆகாது.

தமிழில் ‘ஆற்றுதல்’ என்ற சொல்லுக்குத் தணித்தல் என்றும் பொருள் உண்டு, செய்தல் என்றும் பொருள் உண்டு. துயரையும் ஆற்றுகிறோம், பணியையும் ஆற்றுகிறோம். ஒரே சொல்லில் இரண்டும் இருப்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகிவிடாது. புண் ஆறுவதற்கும் பால் ஆறுவதற்கும் பயன்படும் அதே வினை, இதற்கு நேரம் பிடிக்கும் என்பதையும் நினைவூட்டுகிறது.

*

இருபதாம் நூற்றாண்டின் உளவியல் இப்பொருளைப் பேசிய விதத்தைச் சுருக்கமாகத் தொட்டுச் செல்கிறேன். 1917இல் வெளியான தம் கட்டுரையில் பிராய்டு, இறந்தவரிடமிருந்து பற்றைச் சிறிது சிறிதாக விலக்கிக்கொள்வதே துக்கத்தின் பணி என்றார். மூன்றாண்டுகளில் அவருடைய மகள் சோஃபி இறந்தார். 1929இல் நண்பருக்கு எழுதிய மடலில், அந்த வெற்றிடத்தை வேறெதுவும் நிரப்பாது என்று ஒப்புக்கொண்டார். எலிசபெத் குப்ளர்-ராஸ் 1969இல் முன்வைத்த ஐந்து நிலைகள் இன்றும் பள்ளிப் பாடம்போல ஒப்பிக்கப்படுகின்றன. அவை இறந்துகொண்டிருந்த நோயாளிகளிடம் கண்டவை என்பது மறக்கப்பட்டுவிட்டது. இறந்தவருடனான பிணைப்பு வடிவம் மாறித் தொடர்வது இயல்பானதே என்று 1996இல் டென்னிஸ் கிளாஸ் முதலானோர் வாதிட்டனர். 1999இல் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷூட்டும், இழப்பை நோக்கியும் வாழ்வை நோக்கியும் மாறி மாறிச் செல்லும் ஊசலாட்டமே நலமான துக்கத்தின் இயல்பு என்று விளக்கினர்.

ரமாபாய் இக்கோட்பாடுகளைக் ‘கண்டுபிடித்தார்’ என்று சொல்வது கால முரண். ஆனால் 1910ஆம் ஆண்டில் அவருடைய மேசைமேல் இருந்த கையெழுத்துப் படியும் சேவாசதன் கணக்கேடும் அந்த ஊசலாட்டத்தின் இரு முனைகள் என்று சொல்வதில் பிழையில்லை. கோட்பாடுகள் பெரிதும் பேசாத ஒன்றையும் இவ்வரலாறு சேர்க்கிறது: ஊசல் ஆடுவதற்கு இடம் வேண்டும். அந்த இடத்தைத் தருவதும் மறுப்பதும் குடும்பமும் சாதியும் நிறுவனங்களும்தான்.

*

இது பழங்கதை என்று எண்ண வேண்டாம். 2022 மே மாதம், மகாராஷ்டிரத்தின் கோலாப்பூர் மாவட்டத்தில் ஹெர்வாட் என்ற சிற்றூரின் ஊராட்சி, கணவன் இறந்ததும் வளையலை உடைப்பது, குங்குமத்தை அழிப்பது முதலிய சடங்குகளை நிறுத்துவதென்று தீர்மானம் நிறைவேற்றியது. பிற ஊராட்சிகளும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று மாநில அரசு சுற்றறிக்கை அனுப்பியது. சாவித்திரிபாய் மண்கலம் ஏந்தி 131 ஆண்டுகள் கழித்தும் அத்தகைய தீர்மானம் தேவைப்பட்டது.

நம் துக்க வீடுகளிலும் பழைய இரட்டை அளவுகோல் மறையவில்லை. மனைவியை இழந்தவரிடம், காரியம் முடிவதற்குள் ‘பிள்ளைகளுக்காகவாவது’ என்று பேச்சைத் தொடங்குகிறோம். அவர் அழுதால் ‘ஆம்பிளை நீங்களே இப்படி...’ என்கிறோம். கணவனை இழந்தவளை மகளின் திருமண மேடையிலேயே ஓரமாக நிற்கவைக்கிறோம். தாயை இழந்த ஆய்வு மாணவர் பதினாறாம் நாள் முடிந்ததும் அரையாண்டு அறிக்கையுடன் வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். நண்பரை இழந்தவருக்கு விடுப்பு விதிகளில் ஒரு நாளும் இல்லை. நண்பர் ‘உறவு’ அல்லர்.

நம்மிடம் நல்ல மரபுகளும் உண்டு. ‘துக்கம் விசாரித்தல்’ என்ற தொடரே அழகானது. துக்கத்தைக் கேட்டறிவது என்பது அதன் பொருள். நடைமுறையில் நாம் இறப்பின் விவரங்களை மட்டும் விசாரித்துவிட்டு எழுந்துவிடுகிறோம். இறந்தவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டு, சொல்லப்படுவதைப் பொறுமையாகச் செவிமடுப்பதே விசாரித்தல். அதையும் முதல் வாரத்தில் மட்டுமின்றி, கூட்டம் கலைந்த மூன்றாம் மாதத்திலும் செய்ய வேண்டும்.

இவ்வாழ்க்கைகளிலிருந்து நான் பெற்றுக்கொள்பவை இவை. விடைகொடுக்கும் செயலில் பங்குகொள்ள எவரையும் தடுக்கக் கூடாது. ஒதுங்கியிருக்க விரும்புபவருக்கு நேரம் தர வேண்டும். அவர் வெளியே வர விரும்பும் நாளில் கதவு திறந்திருக்க வேண்டும். இறந்தவரைப் பற்றிப் பேசவும் எழுதவும், அவருடன் முரண்படவும்கூட, இடமளிக்க வேண்டும். வேலை ஒரு துணையாகலாம். அதைக் கட்டளையாக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சின்னங்களையும் விலக்கல்களையும் சுமத்தித் துயரைப் பெருக்காதிருக்க வேண்டும்.

துக்கம் நோயன்று. ஆயினும் சிலருக்கு அது ஆறாமலே நின்றுவிடுவதுண்டு. பல மாதங்கள் கடந்தும் அன்றாட வாழ்வே இயலாத அளவுக்கு ஏக்கம் நீடிப்பதை, ‘நீடித்த துக்கக் கோளாறு’ என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடும் அமெரிக்க மனநல மருத்துவக் கையேடும் இப்போது ஏற்கின்றன. வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். ஒன்றிய அரசின் ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். உதவி கேட்பது பலவீனம் என்று எண்ண வேண்டியதில்லை. பண்டித ரமாபாயும் புனேக்குத் தனியே வந்தாரே ஒழிய, தனியே நிலைபெறவில்லை. அவரை வரவேற்றுக் கூட்டம் கூட்டியவர்கள் அங்கே இருந்தார்கள்.

இப்பொருளில் பிற பகுதிகளின், குறிப்பாகப் பிராமணரல்லாத சமூகங்களின் வாய்மொழிச் சான்றுகளுடன் பணியாற்றும் நண்பர்கள் தங்கள் கருத்துகளையும் மறுப்புகளையும் தெரிவித்தால் மகிழ்வேன். மராட்டியத்தில் எழுதத் தெரிந்த பெண்களின் துக்கம் நமக்கு ஏடுகளில் கிடைக்கிறது. எழுதத் தெரியாதவர்களின் துக்கம் பாடலாகவும் ஒப்பாரியாகவும் இருக்கிறது; அதைக் கேட்டுப் பதிவுசெய்யும் வேலை இன்னும் பெருமளவு மீதமிருக்கிறது.